ஒரே தாமிரம், இரண்டு விலை: உலகச் சந்தைக்கும் உள்நாட்டுச் சந்தைக்கும் நடுவே என்ன நடக்கிறது?

2025 ஜூலை மாத இறுதியில், அமெரிக்கச் சந்தையில் தாமிரத்தின் விலை ஒரே நாளுக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. புதிய சுரங்கம் எதுவும் அன்று திறக்கவில்லை. எந்த ஆலையும் உற்பத்தியைப் பெருக்கவில்லை. மின்கம்பி வாங்குபவர்கள் திடீரென வாங்குவதை நிறுத்திவிடவும் இல்லை. அதே நேரத்தில் லண்டனில் தாமிர விலை சிறிதளவே இறங்கியது. வேதியியலின்படி இரண்டு இடங்களிலும் இருந்தது ஒரே உலோகம், ஒரே தூய்மை. ஆனால் அதற்கு முந்தைய சில நாட்கள் வரை நியூயார்க்கில் ஒரு டன் தாமிரம் லண்டனைவிட ஏறத்தாழ 3,000 டாலர் கூடுதலாக விலைபோனது.

நடந்தது இதுதான். ஜூலை 8 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், இறக்குமதியாகும் தாமிரத்துக்கு 50 சதவீத வரி விதிக்கப்போவதாகச் சொன்னார். அன்றே நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில் விலை 13 சதவீதம் எகிறியது. வரி வருவதற்கு முன்பே சரக்கைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று வணிகர்கள் கப்பல்களை அமெரிக்காவை நோக்கித் திருப்பினார்கள். ஜூலை 30 அன்று வெளியான பிரகடனத்தைப் படித்தபோது, வரி குழாய், கம்பி, தகடு போன்ற பாதி முடிந்த பொருட்களுக்கு மட்டுமே என்று தெரிந்தது. சுத்திகரிக்கப்பட்ட தாமிரத்துக்கு விலக்கு. எல்லைக்கு உள்ளே இருந்த உலோகத்துக்கும் வெளியே இருந்த உலோகத்துக்கும் நடுவே எழும்பியிருந்த சுவர் அந்த நிமிடமே இல்லாமல் போனது. அதன்மேல் ஏறி நின்ற விலையும் விழுந்தது.

தாமிர விலையைப் பற்றிய செய்திகளில் நான் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. 'உலக விலை' என்று ஓர் எண்ணைச் சொல்லி, உள்நாட்டு விலை அதன் நிழல் போலப் பின்னால் வருவதாக எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே திசையில் செல்லும் நாட்களே அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நாட்டின் தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த எண்ணைவிட, அந்த எண்ணுக்கும் உள்நாட்டில் உண்மையில் கைமாறும் விலைக்கும் இடையிலான இடைவெளிதான் தெளிவாகச் சொல்கிறது.

லண்டன் விலை எப்படிப் பிறக்கிறது

லண்டன் உலோகச் சந்தை 1877-ல் தொடங்கியது. இன்றும் அங்கு மையமாக இருப்பது 'மூன்று மாத விலை'. சிலியிலிருந்து தாமிரமும் மலாயாவிலிருந்து வெள்ளீயமும் கப்பலேறி லண்டன் வந்து சேர ஏறக்குறைய மூன்று மாதம் ஆன காலத்தின் எச்சம் அது. சரக்கு கடலில் இருக்கும்போதே அதற்கு ஒரு விலையை உறுதிசெய்துகொள்ளும் ஏற்பாடாக அது உருவானது. கப்பல்கள் வேகமாகிவிட்டன, கெடு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. வட்டமாகப் போடப்பட்ட சிவப்பு இருக்கைகளில் அமர்ந்து தரகர்கள் குரல் கொடுத்து விலை பேசும் 'ரிங்' முறை இன்னும் இருக்கிறது. அங்கே நண்பகலை ஒட்டி உறுதியாகும் அதிகாரபூர்வ விலையைத்தான் உலகெங்கும் தாமிர ஒப்பந்தங்கள் அடிப்படையாகக் கொள்கின்றன. சந்தையின் உரிமை மட்டும் 2012 முதல் ஹாங்காங் பங்குச் சந்தை நிறுவனத்திடம் இருக்கிறது.

ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன் கேத்தோடு. மின்பகுப்பு முறையில் சுத்திகரிக்கப்பட்டு, 99.99 சதவீதத் தூய்மையோடு வரும் தகடு அது. காகிதத்தில் நடப்பதுபோலத் தோன்றும் இந்த வணிகத்தின் அடியில் உண்மையான உலோகம் கிடக்கிறது. சந்தையின் அனுமதி பெற்ற கிடங்குகளில் இருக்கும் ஒவ்வொரு குவியலுக்கும் 'வாரண்ட்' என்ற உரிமைச் சீட்டு உண்டு. ஒருவர் சரக்கை வெளியே எடுக்க முடிவுசெய்தால் அந்த வாரண்டை ரத்து செய்வார். ஆகவே, கிடங்கில் எத்தனை டன் இருக்கிறது என்பதோடு, எத்தனை டன் ரத்தாகி வெளியேறக் காத்திருக்கிறது என்பதையும் வணிகர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

2021 அக்டோபரில் இதன் முக்கியத்துவம் அப்பட்டமாகத் தெரிந்தது. ரத்தாகாத இருப்பு சுமார் 14,000 டன்னாகக் குறைந்தது. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி டன் சுத்திகரித்த தாமிரத்தைப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 14,000 டன் என்பது ஐந்து மணி நேரத் தேவைக்குக்கூடக் காணாது. சாதாரண நாட்களில் உடனடி விலையைவிட மூன்று மாத விலை சற்று அதிகமாக இருக்கும். கிடங்கு வாடகையும் வட்டியும் சேர்வதால் வரும் இயல்பான வித்தியாசம் அது. கான்டாங்கோ என்பார்கள். அந்த அக்டோபரிலோ உடனடி விலை மூன்று மாத விலையைவிட 1,000 டாலருக்கு மேல் எழுந்தது. இப்படித் தலைகீழாவதுதான் பேக்வர்டேஷன். சரக்கை இன்றே ஒப்படைக்க வேண்டியவர்கள் எந்த விலை கொடுத்தும் வாங்க வேண்டிய கட்டாயம். சந்தை நிர்வாகம் தலையிட்டு, ஒப்படைப்பைத் தள்ளிவைக்க அனுமதித்த பிறகே நெருக்கடி தணிந்தது. அந்த நாட்களில் மூன்று மாத விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்த மூச்சுத்திணறலின் அளவு தெரிந்திருக்காது.

இப்படிப்பட்ட சந்தையைத் தனி ஆள் வளைக்க முடியுமா? முடிந்திருக்கிறது, சில காலத்துக்கு. ஜப்பானின் சுமிடோமோ நிறுவனத்தின் தாமிர வணிகர் யாசுவோ ஹமனாக்கா, மறைவான பேரங்கள் மூலம் பல ஆண்டுகள் விலையைத் தாங்கிப் பிடித்தார். 1996-ல் அது வெளிவந்தபோது நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு 260 கோடி டாலர். டன்னுக்கு 2,700 டாலர் அளவில் இருந்த விலை, சில வாரங்களில் 2,000 டாலருக்குக் கீழே போனது.

எல்லையைக் கடக்கும்போது விலை என்னவாகிறது

லண்டன் விலை, டன்னுக்கு இத்தனை டாலர் என்று வரும். காமெக்ஸ் விலை பவுண்டு எடைக்கு. ஒரு டன்னுக்கு 2,204.6 பவுண்டு என்பதால், பவுண்டுக்கு 5 டாலர் என்றால் டன்னுக்கு 11,023 டாலர். ஷாங்காய் முன்பேரச் சந்தையில் டன்னுக்கு யுவான். இந்தியாவின் எம்.சி.எக்ஸ். சந்தையில் கிலோவுக்கு ரூபாய். அலகை மாற்றுவது எளிது. அந்த விலைக்குள் எது அடங்கியிருக்கிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஷாங்காய் விலையில் 13 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. லண்டனில் 9,000 டாலர், ஒரு டாலருக்கு 7.2 யுவான் என்று வைத்துக்கொள்வோம். நேர்க் கணக்கில் 64,800 யுவான். வரி சேர்ந்தால் 73,224 யுவான். வரியைக் கழிக்காமல் ஷாங்காய் விலையை அப்படியே டாலராக மாற்றினால் 10,170 வரும். சீனாவில் தாமிரத்துக்குக் கடும் தட்டுப்பாடு, டன்னுக்கு 1,170 டாலர் கூடுதல் விலை என்ற முடிவுக்கு ஒருவர் எளிதில் வந்துவிடுவார். உண்மையில் அந்த உதாரணத்தில் இரு சந்தைகளும் சமநிலையில் இருக்கின்றன. இறக்குமதிச் செலவுக்குக்கூட அங்கே இடமில்லை.

பொதுவாக, வெளியிலிருந்து தாமிரம் வாங்கும் எந்த நாட்டிலும் உள்நாட்டு விலை இப்படித்தான் கட்டப்படுகிறது: லண்டன் விலை, அதன்மேல் பிரீமியம், பிறகு நாணய மாற்று, சுங்க வரி, துறைமுகச் செலவு, உள்நாட்டு வரி. பிரீமியம் என்பது, லண்டன் கிடங்குச் சரக்கு வேண்டாம், எனக்கு வேண்டிய தரத்தில், வேண்டிய துறைமுகத்தில், வேண்டிய மாதத்தில் வேண்டும் என்பதற்காக வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பது. சிலி அரசு நிறுவனமான கோடெல்கோ ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும் பிரீமியத்தை மற்றவர்கள் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். ஐரோப்பாவுக்கு 2025-ல் டன்னுக்கு 234 டாலராக இருந்த இந்தத் தொகை, 2026-க்கு 325 டாலர் ஆனது. லண்டன் திரையில் இந்த 91 டாலர் உயர்வு எங்கும் தெரியாது. வாங்கும் ஆலையின் கணக்கில் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. சரக்கு கப்பலேறும் நாளின் விலையில் பில் முடிவதில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில், சரக்கு அனுப்பிய மாதத்துக்கு அடுத்த மாதத்தின் சராசரி லண்டன் விலை என்பதுபோல ஒரு காலகட்டம் குறிக்கப்பட்டிருக்கும். முதலில் ஒரு தற்காலிக பில், பிறகு இறுதிக் கணக்கு. இன்று லண்டனில் விலை இறங்கியது, கடையில் ஏன் இறங்கவில்லை என்று கேட்பவருக்கு, பாதிப் பதில் இங்கே இருக்கிறது. இன்று கையில் இருக்கும் சரக்கு சென்ற மாதச் சராசரியில் வாங்கப்பட்டது.

நாணயம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. 2011 பிப்ரவரியில் லண்டனில் தாமிரம் 10,190 டாலர் என்ற அன்றைய உச்சத்தைத் தொட்டது. 2024 மே மாதத்தில் 11,104.50 டாலர். பதின்மூன்று ஆண்டுகளில் டாலர் கணக்கில் உயர்வு 9 சதவீதம்தான். 2011-ல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 45 ரூபாய், 2024-ல் 83 ரூபாய். சுங்கமும் பிரீமியமும் சேர்க்காமல் கணக்கிட்டாலே கிலோவுக்கு சுமார் 460 ரூபாயாக இருந்தது 920 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. டாலரில் ஏறக்குறைய அசையாத ஒரு விலை, ரூபாயில் இரட்டிப்பாகியிருக்கிறது. உள்நாட்டு விலையைப் பற்றி எழுதும் ஒருவர் நாணயத்தை ஒரு வரியில் கடந்துபோனால், அவர் விலையின் பெரும்பகுதியைக் கடந்துபோகிறார் என்றுதான் சொல்வேன்.

இந்தியாவின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில், மாசுபாட்டை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அதன்பின் ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த மூடலை உறுதிசெய்தது. போன உயிர்களை ஒரு விலைக் கணக்கின் அடிக்குறிப்பாக ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நிகழ்வின் நியாயங்கள் தனியாகப் பேச வேண்டியவை. சந்தை அளவில் விளைந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன். அதுவரை நிகர ஏற்றுமதியாளராக இருந்த நாடு, 2018-19-ல் நிகர இறக்குமதியாளர் ஆனது.

இது வெறும் புள்ளிவிவர மாற்றம் அன்று. மிகுதி உள்ள நாட்டில், விற்பவர் தன் சரக்கை ஏற்றுமதி செய்தால் கையில் என்ன நிற்குமோ, அதை ஒட்டியே உள்நாட்டு விலை அமையும். கப்பல் செலவைக் கழித்த விலை அது. பற்றாக்குறை உள்ள நாட்டில், வாங்குபவர் வெளியிலிருந்து கொண்டுவந்தால் என்ன ஆகுமோ, அதை ஒட்டி அமையும். கப்பல் செலவும் சுங்கமும் கூட்டிய விலை. லண்டன் விலை ஒரு டாலர்கூட மாறாவிட்டாலும், ஒரு நாடு இந்தக் கோட்டைத் தாண்டும்போது அதன் உள்நாட்டு விலை ஒரு படி மேலேறி உட்கார்ந்துகொள்கிறது. சுத்திகரித்த தாமிரத்துக்கு இந்தியா விதிக்கும் அடிப்படைச் சுங்கம் 5 சதவீதம். ஜப்பானுடனான ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வருவதற்குச் சுங்கம் இல்லை. இந்தியத் துறைமுகங்களில் ஜப்பானிய கேத்தோடு அதிகம் வந்து இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குஜராத்தின் முந்த்ராவில் 5 லட்சம் டன் திறனுடன் திட்டமிடப்பட்ட புதிய ஆலை 2024-ல் இயங்கத் தொடங்கியது. அது முழு அளவை எட்டினால் அந்தப் படி மறுபடியும் நகரக்கூடும்.

சீனாவின் பிரீமியம் சொன்ன உண்மை

2000-ஆம் ஆண்டில் உலகத் தாமிரப் பயன்பாட்டில் சீனாவின் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்று. இன்று பாதிக்கும் மேல். ஆகவே, ஷாங்காய்க்கு அருகே யாங்ஷான் துறைமுகத்தில் இறக்குமதித் தாமிரத்துக்கு என்ன பிரீமியம் கிடைக்கிறது என்பதை நான் லண்டன் விலைக்கு இணையாக மதிக்கிறேன். அது பந்தயம் கட்டுபவர்களின் எண் அன்று. ஆலைக்குள் கொண்டுபோய் உருக்கிக் கம்பியாக்கப் போகிறவர்களின் எண்.

2024 மே 20 அன்று லண்டனில் தாமிரம் வரலாற்று உச்சத்தைத் தொட்டது. அதே மாதத்தில் யாங்ஷான் பிரீமியம் பூஜ்யத்துக்கு இறங்கியது. உலகின் மிகப் பெரிய வாங்குபவர், இந்த விலையில் எனக்கு வெளிநாட்டுச் சரக்கே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உச்ச விலையை உண்டாக்கியவர்கள் முதலீட்டு நிதிகளும், நியூயார்க்கில் கையில் இல்லாத சரக்கை முன்கூட்டியே விற்றுவிட்டு, ஒப்படைக்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும். மே மாத நடுவில் காமெக்ஸ் விலை லண்டனைவிட 1,000 டாலருக்கு மேல் போனதற்கு அந்த மாட்டிக்கொள்ளல்தான் காரணம். ஆகஸ்ட் தொடக்கத்தில் லண்டன் விலை 9,000 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. மே மாதத்தில் எந்த எண்ணை நம்பியிருக்க வேண்டும் என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது.

சீனாவில் தாமிரம் கடனுக்கு ஈடாகவும் பயன்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். துறைமுகக் கிடங்கில் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக் குறைந்த வட்டியில் கடன் வாங்கும் வழக்கம் அங்கே பரவியிருந்தது. 2014-ல் சிங்தாவ் துறைமுகத்தில், ஒரே குவியல் பல வங்கிகளிடம் அடகு வைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. இறக்குமதி கூடுகிறது என்றால் தொழில் வளர்கிறது என்று பொருள்கொள்ள முடியாத காலம் ஒன்று இருந்தது.

கால் நூற்றாண்டின் ஏற்ற இறக்கம்

2001 இறுதியில் ஒரு டன் தாமிரம் 1,400 டாலருக்கும் குறைவு. 2006 மே மாதத்தில் 8,800. நகரங்களும் மின்கட்டமைப்பும் சீனாவில் எழும்பிய வேகத்துக்குச் சுரங்கங்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. முந்தைய ஆண்டுகளில் விலை தாழ்ந்து கிடந்ததால் புதிய சுரங்கங்களில் போதிய பணம் போடப்பட்டிருக்கவில்லை. 2008 ஜூலையில் 8,900 டாலரைத் தாண்டிய விலை, நிதி நெருக்கடியில் ஆறே மாதத்துக்குள் 3,000 டாலருக்குக் கீழே விழுந்தது. 2011-ல் மறுபடியும் 10,000-க்கு மேல். பிறகு ஐந்து ஆண்டுகள் மெல்ல மெல்ல இறங்கி 2016 ஜனவரியில் 4,300 அளவில் நின்றது. அந்த உச்சத்தைப் பார்த்துத் தொடங்கிய சுரங்கங்கள் எல்லாம் ஒன்றாக உற்பத்திக்கு வந்த காலம் அது. பெருந்தொற்றின் முதல் அதிர்ச்சியில், 2020 மார்ச்சில் கிட்டத்தட்ட அதே ஆழம். 2021 மே மாதத்தில் 10,700-க்கு மேல், 2022 மார்ச்சில் 10,845, அதே ஆண்டு ஜூலையில் 7,000. 2025 டிசம்பரில் முதன்முறையாக 12,000 டாலரையும், அடுத்த மாதமே 13,000 டாலரையும் கடந்தது.

'வரலாற்று உச்சம்' என்ற சொல்லை இங்கே சற்று நிதானமாகப் பயன்படுத்த வேண்டும். 2011-ன் 10,190 டாலருக்கு இருந்த வாங்கும் சக்தியை 2025-ன் டாலரில் கொண்டுவந்தால், அமெரிக்க விலைவாசிக் கணக்குப்படி அது 14,500 டாலருக்கு மேல் வரும். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், 2025 டிசம்பரில் தாமிரம் பழைய உச்சத்தை எட்டவே இல்லை.

தாமிரத்தை 'டாக்டர் காப்பர்' என்று அழைப்பதுண்டு. உலகப் பொருளாதாரத்தின் நாடியைப் பார்த்துச் சொல்லிவிடும் என்பது நம்பிக்கை. 2008 வரை அந்த நாடி ஓரளவு சரியாகப் பேசியது. அண்மை ஆண்டுகளின் உயர்வுக்குத் தேவையைவிட வரத்தே பெரிய காரணம். 2023 நவம்பரில் பனாமா உச்ச நீதிமன்றம், கோப்ரே பனாமா சுரங்கத்தின் ஒப்பந்தம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. உலகச் சுரங்க உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கு மேல் தந்த சுரங்கம் மூடியது. 2025 மே மாதத்தில் காங்கோவின் கமோவா-ககுலா சுரங்கத்தில் நில அதிர்வுக்குப் பின் வெள்ளம் புகுந்தது. ஜூலை 31 அன்று சிலியின் எல் தெனியெந்தே சுரங்கம் இடிந்து ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். செப்டம்பர் 8 அன்று, உலகின் இரண்டாவது பெரிய தாமிரச் சுரங்கமான இந்தோனேசியாவின் கிராஸ்பெர்கில் சேறு பெருக்கெடுத்து ஏழு பேரைப் பலிகொண்டது. விலை ஏறியது என்று ஒரு வரியில் படிக்கும் செய்திக்குப் பின்னால் இந்த மனிதர்கள் இருக்கிறார்கள். சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போகின்றன. தாதுவின் செறிவு குறைந்துகொண்டே வருகிறது. 0.6 சதவீதச் செறிவு என்றால் ஒரு டன் பாறையை உடைத்து ஆறு கிலோ தாமிரம். புதிய படிவத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து முதல் டன் வெளிவரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆவது சாதாரணம். விலை இன்று எவ்வளவு ஏறினாலும், அதற்கான பதில் சுரங்கத்திலிருந்து உடனே வராது.

தேவையின் பக்கம் மின்வாகனமும் மின்கட்டமைப்பும் இருக்கின்றன. பெட்ரோல் காரில் இருபது கிலோவை ஒட்டிய தாமிரம், மின்சாரக் காரில் எண்பது கிலோ அளவு. இது பலரும் அறிந்ததுதான். உருக்காலைகளில் நடப்பதை அதே அளவுக்கு யாரும் பேசுவதில்லை.

உருக்குக் கூலி பூஜ்யமான கதை

சுரங்கத்திலிருந்து வருவது தாமிரம் அன்று. 25 முதல் 30 சதவீதம் தாமிரம் கொண்ட கறுப்புத் தூள். அதைத் தாதுச் செறிவு என்பார்கள். அதை உருக்கிச் சுத்திகரித்துத் தர, சுரங்க நிறுவனம் உருக்காலைக்குக் கூலி கொடுக்கும். 2024-க்கான கூலி, தாதுச் செறிவு ஒரு டன்னுக்கு 80 டாலர். 2025-க்கு 21.25 டாலர். 2026-க்கு, சிலியின் அன்டோஃபகஸ்டா நிறுவனமும் ஒரு சீன உருக்காலையும் ஒப்புக்கொண்ட கூலி பூஜ்யம். அன்றாடச் சந்தையில் அதற்கு முன்பே கூலி எதிர்க்கணக்கில் போய்விட்டது. தாது கிடைத்தால் போதும் என்று உருக்குபவர், தானே பணம் கொடுக்க முன்வந்த நிலை.

சீனா உருக்காலைகளைக் கட்டிக்கொண்டே போனது. இந்தியாவும் இந்தோனேசியாவும் தங்கள் பங்குக்குக் கட்டின. சுரங்கம் அந்த வேகத்தில் பெருகவில்லை. கூலி இல்லாமல் ஆலை எப்படி ஓடும்? உருக்கும்போது கிடைக்கும் கந்தக அமிலத்தை விற்று, தாதுவோடு வரும் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்து, ஒப்பந்தத்தில் கணக்கிட்டதைவிடச் சற்று அதிகமாகத் தாமிரம் மீட்டு. அமில விலை நன்றாக இருக்கும்வரை சமாளிக்கலாம். பழைய ஆலைகளுக்கு அது நடக்காது. உள்நாட்டில் உருக்காலை இருப்பதாலேயே தாமிரம் மலிவாகக் கிடைத்துவிடும் என்ற எண்ணம் இந்தக் கணக்கின் முன் நிற்பதில்லை. தாதுவை வெளியிலிருந்து வாங்கும் ஆலை, விலை நிர்ணயத்தில் லண்டனோடும் சுரங்கத்தோடும் ஒரே நேரத்தில் கட்டுண்டு கிடக்கிறது.

அமெரிக்காவுக்குள் போன உலோகம்

ஜூலை 30-க்குப் பிறகும் அமெரிக்கா நோக்கிய ஓட்டம் நிற்கவில்லை. காரணம், சுத்திகரித்த தாமிரத்துக்கு 2027 முதல் 15 சதவீதமும் 2028 முதல் 30 சதவீதமும் வரி விதிக்கலாம் என்ற யோசனை அந்தப் பிரகடனத்திலேயே இருந்தது. வரி வரலாம் என்ற எதிர்பார்ப்பு போதும், காமெக்ஸ் விலை லண்டனுக்கு மேல் நிற்கும். நிற்கும்வரை உலோகம் அங்கே போகும். 2025 இறுதிக்குள் காமெக்ஸ் கிடங்குகளின் இருப்பு 4 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது.

உலகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தாமிரம் தீர்ந்துபோகவில்லை. ஆனால் ஒரு நாட்டின் கிடங்குகளில் அது குவிந்து கிடக்க, மற்ற இடங்களில் பிரீமியம் ஏறியது. கோடெல்கோவின் 325 டாலர் அந்தச் சூழலில் வந்ததுதான். அமெரிக்காவுக்கு அனுப்பினால் கூடுதலாகக் கிடைக்கும் தொகையை ஈடுசெய்யாமல் வேறு யாரும் சரக்கைப் பெற முடியவில்லை. ஒரு நாட்டின் வரி அறிவிப்பு, அந்த நாட்டோடு தாமிர வணிகமே இல்லாத மற்றொரு நாட்டின் உள்நாட்டு விலையில் இப்படித்தான் வந்து சேர்கிறது.

விலை கடைசியில் யார் கையில் முடிகிறது

கேத்தோடைப் பெரிய ஆலை உருக்கி எட்டு மில்லிமீட்டர் ராடாக்குகிறது. அதை வாங்கிக் கம்பியாக இழுக்கும் பட்டறைகள், எனாமல் பூசி வைண்டிங் கம்பியாக்குபவர்கள், மோட்டாரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சுற்றித் தருபவர்கள் என்று சங்கிலி நீள்கிறது. இவர்களில் பெரும்பாலோரின் வருமானம் தாமிர விலையில் இல்லை. கிலோவுக்கு இத்தனை என்ற வேலைக் கூலியில் இருக்கிறது. உலோகத்தின் விலை ஒரு கையால் வாங்கி மறுகையால் கொடுப்பது. தாமிரம் இரட்டிப்பானால் அவர்களுடைய விற்றுமுதல் இரட்டிப்பாகத் தெரியும். கூலி அப்படியே இருக்கும்.

மாறுவது நடப்பு மூலதனம். மாதம் பத்து டன் வாங்க முன்பு தேவைப்பட்ட பணத்தைப்போல இப்போது இரு மடங்கு வேண்டும். வங்கியின் கடன் வரம்பு தாமிர விலையோடு ஏறுவதில்லை. வாங்கிய வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவார். பெரிய நிறுவனங்கள் முன்பேரச் சந்தையில் எதிர் ஒப்பந்தம் போட்டு விலை அபாயத்தைத் தவிர்த்துக்கொள்கின்றன. ஹெட்ஜிங் என்கிற அந்தப் பாதுகாப்பு சிறிய பட்டறைக்கு எளிதில் எட்டாது. எம்.சி.எக்ஸ். ஒப்பந்தம் ஒன்றே இரண்டரை டன். அதற்கு மார்ஜின் என்ற ஈட்டுப்பணம் கட்ட வேண்டும், விலை எதிராகப் போனால் அன்றன்றே பணம் போட வேண்டும். சரக்குக்கே பணம் போதாதவர் அதற்கு எங்கே போவார்? இடைவெளியைப் பற்றி இவ்வளவு எழுதியதற்குக் காரணம் இவர்கள்தான். லண்டனின் ஏற்றத்தையும் ரூபாயின் சரிவையும் பிரீமியத்தின் உயர்வையும் ஒன்றுசேர்த்துத் தாங்குபவர்கள், அவற்றில் எதையும் தனியாகப் பார்த்து எச்சரிக்கை அடைய முடியாத இடத்தில் இருக்கிறார்கள்.

விலை மிக உயரும்போது அவர்கள் பழைய செம்பை நாடுகிறார்கள். உலகத் தாமிரத் தேவையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவு மறுசுழற்சியிலிருந்தே வருகிறது. பளபளக்கும் உரித்த கம்பிக்கு மில்பெரி என்றும், அதற்கடுத்த தரங்களுக்கு பெர்ரி, பிர்ச் என்றும் வணிகத்தில் பெயர்கள் உண்டு. லண்டன் விலையிலிருந்து இத்தனை சதவீதம் கழித்து என்று பேசுவார்கள். தாமிரம் திடீரென ஏறினால் அந்தத் தள்ளுபடி அகலும், பழைய இரும்புக் கடைகளில் பதுங்கியிருந்த சரக்கு வெளியே வரும். விலை இறங்கினால் தள்ளுபடி சுருங்கும், சரக்கும் மறையும். உள்நாட்டு விலையின் அதிர்வை ஓரளவு உள்வாங்கிக்கொள்ளும் மெத்தை இதுதான்.

அதுவும் போதாதபோது அலுமினியம். ஒரே குறுக்களவில் அது தாமிரத்தின் அறுபது சதவீதம் அளவுக்கே மின்சாரம் கடத்தும். ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தாமிர விலை அலுமினியத்தைப்போல நான்கு மடங்கை நெருங்கும் நாட்களில் ஏ.சி. குழாய்களிலும் வாகனக் கம்பிகளிலும் இந்த மாற்றம் வேகமெடுக்கிறது. வடிவமைப்பையும் அச்சுகளையும் ஒருமுறை மாற்றிவிட்ட ஆலை, அடுத்த ஆண்டு தாமிரம் மலிந்தாலும் பழையபடி திரும்பி வருவதில்லை.